அப்பா ஏறாத விமானம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கான்பூரின் சக்கேரி விமானத் தளத்தில் நான்கு என்ஜின் கொண்ட குண்டுவீச்சு விமானங்கள் வரிசை வரிசையாக நின்றன. பி-24 லிபரேட்டர் என்று பெயர். அமெரிக்காவில் செய்து, கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் பிரிட்டிஷ் விமானப் படைக்குக் கொடுக்கப்பட்டவை. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் பயன்படாமல் ஆக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அமெரிக்காவுக்கு அவை தேவைப்படவில்லை. அங்கேயே அரிசோனா பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை நிறுத்தி உருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே கான்பூரில் கருவிகளை உடைத்தார்கள், தகட்டை இடித்து ஓட்டை போட்டார்கள், என்ஜினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள். இனி இவை எழுந்திருக்காது என்று விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

1948-ல் புதிதாகச் சுதந்திரம் பெற்ற நம் நாட்டுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் என்று ஒன்றுகூட இல்லை. புதிதாக வாங்கப் பணமும் இல்லை. அப்போதுதான் பெங்களூர் எச்.ஏ.எல்.லிடம், கான்பூரில் கிடப்பதில் எதையாவது தேற்ற முடியுமா என்று கேட்டார்கள்.

எச்.ஏ.எல். என்றால் அன்றைக்கு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் லிமிடெட். 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கியது. போர்க் காலத்தில் அமெரிக்க விமானப் படை அதைத் தன் பழுதுபார்க்கும் பட்டறையாக வைத்துக்கொண்டது. அதனால் அங்கே வேலை பார்த்த நம் ஆட்களுக்கு அமெரிக்க விமானங்களின் உள்ளும் புறமும் தெரிந்திருந்தது. அந்த நம் ஆட்களில் ஒருவர் என் அப்பா.

வட ஆற்காடு பக்கத்துக் கிராமத்திலிருந்து 1943-ல் வேலை தேடிப் பெங்களூர் வந்தவர். படிப்பு எட்டாவது. ஃபிட்டர். அமெரிக்கச் சார்ஜென்ட்டுகளிடம் வேலையும், ஸ்பானர் அளவுகளும், அரைகுறை ஆங்கிலமும் கற்றுக்கொண்டார். 1948-ல் கான்பூர் போன குழுவில் அவரும் இருந்தார்.

கான்பூர்க் கதைகளை அவர் எங்களுக்குச் சொல்லும்போது வீரம் எதுவும் இருக்காது. வெயில், லூ காற்று, சோறு கிடைக்காத கஷ்டம் இவைதான் முக்கால்வாசி. துப்பாக்கிக் கூண்டுக்குள் குளவி கட்டியிருந்ததைச் சொல்வார். "ரெண்டு மூணைப் பிரிச்சு ஒண்ணைக் கிளப்பினோம்" என்பார். ஒன்றிலிருந்து என்ஜின், இன்னொன்றிலிருந்து சக்கரம், மற்றொன்றிலிருந்து கண்ணாடி. பறக்கிற அளவுக்கு மட்டும் அங்கே தேற்றி, முழு ஓவர்ஹாலுக்குப் பெங்களூர் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்தவர் எச்.ஏ.எல்.லின் தலைமை விமானி ஜிம்மி முன்ஷி. லிபரேட்டர் ஓட்டிப் பழக்கமில்லாதவர். ஏறத்தாழ 40 விமானங்கள் இப்படி வந்து சேர்ந்தன. 1948 நவம்பரில் நம் விமானப் படையின் 5-வது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு தொடங்கியது. பிறகு 6-வது ஸ்குவாட்ரனும் அவற்றைக் கடல் கண்காணிப்புக்கு வைத்துக்கொண்டது. ஒருவரும் எழுந்திருக்காது என்று விட்டுப்போனவை 1968 வரை பறந்தன.

அப்பா அந்த விமானங்களின் அடியில் படுத்தார், இறக்கை மேல் ஏறினார், வாலுக்குள் தவழ்ந்தார். ஆனால் ஒருநாளும் அதில் பறக்கவில்லை. ஃபிட்டர்களை யார் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்? லிபரேட்டர் என்றில்லை, எந்த விமானத்திலும் ஏறாமலே 1994-ல் போய்ச் சேர்ந்தார். கான்பூருக்கும் திரும்பவும் ரயிலில்தான் போய்வந்தார்.

இதெல்லாம் என் மகனுக்குத் தாத்தா கதை. பாஸ்டன் பக்கம் வேலையில் இருக்கிறான். 2017-ல் நாங்கள் இருவரும் அவன் வீட்டில் இருந்தபோது ஒரு நாள் இரவு, "அப்பா, தாத்தா ரிப்பேர் பண்ண பிளேன்ல ஒண்ணு இங்க இன்னும் பறக்குது. காசு குடுத்தா ஏத்திக்கிறாங்க" என்றான்.

அவன் சொன்ன விமானத்தின் கதை இதுதான். 1944 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் செய்யப்பட்டது. இரண்டே மாதத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்குப் போனது. கிழக்கே ஜப்பானியருக்கு எதிராகப் போரிட்டது. கான்பூரில் கைவிடப்பட்டது. 1948-ல் உயிர் பெற்று இந்திய விமானப் படையில் பறந்தது. ஓய்வு பெற்றபின் இந்தியாவிலேயே 13 வருஷம் சும்மா நின்றது. 1981-ல் டக் ஆர்னால்ட் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் வாங்கிப் பகுதி பகுதியாகக் கழற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1984-ல் அமெரிக்காவின் காலிங்ஸ் ஃபவுண்டேஷன் வாங்கியது. ஐந்து வருஷம் பாடுபட்டுப் புதுப்பித்து 1989-ல் மறுபடி பறக்கவிட்டார்கள். அதன்பின் வருஷாவருஷம் ஊர் ஊராகப் போய்க் காட்டி, அரை மணி நேரம் ஏற்றிச் சுற்றிக்காட்டி, அந்தக் காசில் அதைப் பராமரித்துவந்தார்கள்.

கட்டணம் 450 டாலர். என் மனைவி உடனே கணக்குப் போட்டுவிட்டாள். "ஏங்க, 29,000 ரூபா. அதுவும் அரை மணி நேரத்துக்கு. அதுவும் எழுபது வருஷத்துப் பழசுல" என்றாள். அவள் சொன்னதில் மூன்றாவதுதான் உண்மையான கவலை. மகன் அதற்குள் பணம் கட்டியிருந்தான்.

செப்டம்பர் மாதம், ஒரு சின்ன விமான நிலையம். பச்சை வண்ணம் பூசிய அந்த விமானத்தை வேலிக்கு அப்பாலிருந்தே பார்த்தேன். அழகான விமானம் என்று சொல்ல முடியாது. பக்கவாட்டில் தட்டையாக, சரக்குப் பெட்டி போல இருக்கும். நீளம் 67 அடி, இறக்கை 110 அடி. பின்னால் முறம் போல இரண்டு வால் தகடுகள். மூக்கில் சூனியக்காரி படம் வரைந்து 'விட்ச்கிராஃப்ட்' என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பெயர் இதனுடையது அல்ல. உண்மையான விட்ச்கிராஃப்ட் வேறொரு லிபரேட்டர். இங்கிலாந்திலிருந்து கிளம்பி 130 முறை போருக்குப் போய்த் திரும்பியது, போருக்குப் பின் உருக்கப்பட்டது. அதன் நினைவாக இதற்கு அந்தப் பெயரைப் பூசியிருந்தார்கள். அதற்கு முன்பும் இரண்டு பெயர்கள் பூசப்பட்டிருந்தன. மூன்றுமே அமெரிக்கப் படையின் நினைவுகள். அமெரிக்காவில் லிபரேட்டரில் போய் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்க்க ஒரு விமானம் வேண்டும். அது நியாயம்தான். ஆனாலும் இந்த விமானம் அமெரிக்கப் படையில் இருந்தது சில வாரங்கள், நம் படையில் இருந்தது இருபது வருஷம் என்ற கணக்கு என் மனதில் ஓடாமல் இல்லை.

ஏறுவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்து. ஏதாவது ஆனால் நானோ என் வாரிசுகளோ வழக்குப் போட மாட்டோம் என்று. பிறகு பணியாளர்கள் ஒவ்வொரு புரொப்பல்லராகக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் காரணம் தெரியும், அப்பா சொல்லியிருக்கிறார். இந்த என்ஜினில் 14 சிலிண்டர்கள் வட்டமாக இருக்கும். நிற்கும்போது எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் நசுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கையால் சுற்றும்போது தடுத்தால் உள்ளே எண்ணெய் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பெங்களூரில் அப்பா செய்த அதே வேலையை மசாசுசெட்ஸில் ஓர் இளைஞன் செய்துகொண்டிருந்தான்.

உள்ளே போக விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து, குண்டு அறை வழியாக ஏற வேண்டும். ஆங்கிலத்தில் 'பாம் பே'. அப்பா இந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் என் தங்கை அவர் பம்பாயில் வேலை பார்த்ததாகவே வெகுநாள் நினைத்திருந்தாள். அதன் கதவுகள் கடை ஷட்டர் போலப் பக்கவாட்டில் சுருண்டு மேலேறும். நடுவில் ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு நடைபாதை. இரண்டு பக்கமும் குண்டு மாட்டும் கம்பிகள். கதவுத் தகட்டில் கால் வைத்தால் ஆள் கனத்தைத் தாங்காது என்று எச்சரித்தார்கள்.

என்னோடு ஏறியவர்களில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அமெரிக்க அம்மாள் இருந்தார். அவருடைய தந்தை இத்தாலியிலிருந்து பறந்த லிபரேட்டரில் துப்பாக்கி வீரராம். கையில் ஒரு பழைய படம் வைத்திருந்தார். "உங்கள் தந்தையும் பறந்தாரா?" என்று கேட்டார். "இல்லை, இதைப் பழுது பார்த்தவர்" என்றேன். எங்கே என்றார். இந்தியாவில் என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. கான்பூர் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற தன்னார்வலர் ஒருவர், "அவர் சொல்வது சரி. இந்தியர்கள் வைத்திருக்காவிட்டால் இது இன்று இல்லை" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இடுப்புப் பகுதியில் உட்காரவைத்து பெல்ட் போட்டார்கள். என்ஜின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முதலில் இருமல், பிறகு வெண்புகை, பிறகு சத்தம். ஒவ்வொன்றும் 1,200 குதிரைத் திறன். நான்கும் சேர்ந்து ஓடும்போது காதில் பஞ்சு வைத்தும் நெஞ்சு அதிர்ந்தது. பெட்ரோல் வாசனை. லிபரேட்டருக்கு அது பிறவிக் குணம். பெட்ரோல் ஆவி தங்காமல் இருக்கக் குண்டு அறைக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு பறப்பார்கள் என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது.

ஓடுபாதையில் அதிர்ந்துகொண்டே ஓடியது. எப்போது தரையை விட்டது என்று தெரியவில்லை, அதிர்ச்சி நின்றதும்தான் தெரிந்தது. சில நிமிஷத்தில் எழுந்து நடக்கலாம் என்று சைகை காட்டினார்கள்.

பக்கவாட்டுத் துப்பாக்கிச் சன்னல் திறந்த சன்னல்தான். காற்று முகத்தில் அறைந்தது. கீழே சின்னச் சின்ன ஏரிகள், இலை சிவக்கத் தொடங்கிய மரங்கள், வெள்ளைக் கோபுரத்தோடு ஒரு மாதா கோயில். நான் அதை அதிக நேரம் பார்க்கவில்லை. விமானத்தின் உள்பக்கத்தைத்தான் பார்த்தேன்.

மெல்லிய அலுமினியத் தகடு. உள்ளே மறைப்பு எதுவும் கிடையாது. விலா எலும்பு போல வளையங்கள், வரிசை வரிசையாக ரிவெட்டுகள். விமானி திருப்பும்போது வால் பக்கம் போகும் எஃகுக் கம்பிகள் என் தலைக்குப் பக்கத்திலேயே முன்னும் பின்னும் நகர்ந்தன. போல்ட்டுத் தலைகளில் மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். லாக் வயர். அதிர்வில் போல்ட்டு கழன்றுவிடாமல் இருக்க, இறுகும் திசையில் இழுத்துக் கட்ட வேண்டும். திசை மாற்றிக் கட்டினால் கட்டாததற்குச் சமம். அப்பா கடைசிவரை வீட்டில் தண்ணீர்க் குழாய் முதல் மிதிவண்டி வரை எல்லாவற்றுக்கும் இந்த முறையில்தான் கம்பி கட்டுவார்.

இங்கே இருக்கும் எந்த ரிவெட் பெங்களூரில் அடித்தது, எந்தத் தகடு 1989-க்கு முன் மாற்றியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்பா கை பட்ட இடம் எது என்று தேடுவதிலும் அர்த்தமில்லை. எச்.ஏ.எல்.லில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தார்கள். தமிழர், கன்னடர், தெலுங்கர், மலையாளி, ஆங்கிலோ இந்தியர் என்று எல்லோரும். அவர்களில் ஒருவர் பெயரும் எந்த விமானத்தின் மூக்கிலும் எழுதப்படவில்லை. அதை அவர்கள் எதிர்பார்த்ததும் இல்லை. சங்கு ஊதினால் உள்ளே போவார்கள், சங்கு ஊதினால் வெளியே வருவார்கள். ஆனால் அந்த ஒரு வருஷம் அவர்கள் 'ஆகாது' என்று சொல்லியிருந்தால், நான் நின்றுகொண்டிருந்த தகடு கான்பூரில் பழைய இரும்புக் கடைக்குப் போய் சட்டி பானையாகியிருக்கும்.

நடைபாதையில் பக்கத்துக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போனேன். குண்டு மாட்டும் இடத்தைக் கடக்கும்போது வேறொரு நினைவு வந்தது. இந்தியாவிலிருந்து கிளம்பிய லிபரேட்டர்கள் சயாம்-பர்மா ரயில் பாதையின் பாலங்களைத் தாக்கின. அந்தப் பாதையைப் போடத்தான் மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள். உயிரோடு மிஞ்சியவர்கள் தலைக்கு மேலேயும் இந்தச் சத்தம் கேட்டிருக்கும். விடுதலை வருகிற சத்தமா, சாவு வருகிற சத்தமா என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது. இது உல்லாச விமானம் அல்ல, கொல்வதற்காகச் செய்த இயந்திரம். அரை மணி நேரச் சவாரி என்பதற்காக அதை மறந்துவிடக் கூடாது.

இறங்கியதும் அந்த அமெரிக்க அம்மாள் என் கையைப் பிடித்து, "உங்கள் தந்தைக்கு நன்றி" என்றார். நான் அவர் தந்தைக்கு நன்றி சொன்னேன். இருவருக்கும் அதற்கு மேல் பேச வரவில்லை. வேலிக்கு வெளியே நின்ற என் மனைவி, முழுசாக வந்துவிட்டேனா என்று தலை முதல் கால் வரை பார்த்தாள்.

அவள் பயந்தது காரணமில்லாமல் அல்ல. 2019 அக்டோபர் 2-ம் தேதி, கனெக்டிகட் மாநிலத்தின் பிராட்லி விமான நிலையத்தில், இதே ஃபவுண்டேஷனின் பி-17 குண்டுவீச்சு விமானம் பயணிகளோடு கிளம்பிய சில நிமிஷத்தில் என்ஜின் கோளாறால் திரும்பி இறங்கும்போது விபத்துக்குள்ளானது. 13 பேரில் 7 பேர் இறந்தார்கள். 2020 மார்ச்சில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்ற அந்த ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்தது. அவர்கள் விமானத்தில் என்னைப் போல காசு கொடுத்து அரை மணி நேரம் போகும் வழி அத்தோடு அடைபட்டது.

அந்த உத்தரவைப் படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஓர் என்ஜினின் மாக்னெட்டோவுக்குப் போகும் லீடை யாரோ லாக் வயரால் கட்டி நிறுத்த முயன்றிருந்தார்கள் என்று அதில் இருந்தது. பிறகு வந்த விபத்து விசாரணை அறிக்கை, விமானி வேகத்தைக் கையாண்ட விதத்தை முக்கியக் காரணமாகச் சொல்லிவிட்டு, பராமரிப்பு போதாமல் இருந்ததையும் சேர்த்துச் சொன்னது. ஒரு முழம் கம்பி. சரியான இடத்தில் சரியான திசையில் கட்டினால் பல வருஷம் விமானத்தை நிறுத்திவைக்கும். கட்டக் கூடாத இடத்தில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஃபிட்டர் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. ஆனால் மேலே இருப்பவர்கள் உயிர் அவர் விரல் நுனியில் இருக்கிறது.

அந்த அனுமதியை ரத்து செய்தது சரியா தவறா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இழந்தவர்கள் வீட்டை நினைத்தால் சரி என்றே சொல்வேன். பழைய விமானம் பறக்காவிட்டாலும் கதை மிஞ்சும். ஆள் போனால் எதுவும் மிஞ்சாது.

அதோடு, பார்க்க விரும்புகிறவர்கள் அமெரிக்கா போக வேண்டியதும் இல்லை. நம் விமானப் படை விட்டுக்கொடுத்த லிபரேட்டர்கள் இன்று லண்டனிலும் ஒட்டாவாவிலும் அரிசோனாவிலும் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. உலகில் மிஞ்சியிருக்கும் சொற்ப லிபரேட்டர்களில் பல, கான்பூர் மண்ணைத் துடைத்துவிட்டுப் போனவைதான். ஒன்றை நாமே வைத்துக்கொண்டோம். டெல்லி பாலத்தில் விமானப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டெல்லி போகிறவர்கள் குதுப் மினாருக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள். கிட்டே போய் நின்றால் ரிவெட் வரிசைகளைப் பாருங்கள். ஒரு வரிசைகூடக் கோணலாக இருக்காது.